இந்த வருஷமே போயாகணுமா?

இரண்டு வாரமாக என் நடைத் துணைவர் என்னோடு பேசுவதில்லை.

தினமும் விடிகாலை ஐந்தரைக்கு மகாமகக் குளத்தை ஐந்து சுற்று சுற்றிவிட்டு, ஆளுக்கொரு காபி குடித்துக் கலைவது எங்கள் வழக்கம். ஆறு வருடப் பழக்கம். அவர் மின்வாரியத்தில் இருந்தவர், நான் வங்கியில் இருந்தவன். இப்போது என்னைப் பார்த்ததும் எதிர்த்திசையில் சுற்ற ஆரம்பிக்கிறார். அப்படிச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

காரணம் இதுதான். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்த அவருடைய ஒரே பையன் பி.இ. கடைசி வருடம் படிக்கிறான். கேம்பஸில் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலையும் கிடைத்திருக்கிறது. ஆனால் வீட்டில் முடிவானது வேறு. வருகிற ஃபாலுக்கே அமெரிக்காவில் எம்.எஸ். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் டிசம்பர், ஜனவரியோடு விண்ணப்பம் முடிந்துவிடும் என்பதால் ஒரே ஓட்டம். நண்பர் வீட்டு மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், வரி ரசீது எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். "லோனுக்கு இதெல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க சார்" என்றார்.

பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "சார், பையன் கிடைச்ச வேலையில ரெண்டு வருஷம் இருக்கட்டுமே. அப்புறம் அப்ளை பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் பத்திரங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார்: "உங்க பொண்ணை மட்டும் உடனே அனுப்பினீங்கள்ல சார்? எங்க வீட்டுப் பிள்ளைன்னா வெயிட் பண்ணணுமா?"

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன். ஆமாம் சார், உடனே அனுப்பினேன். அதனால்தான் சொல்கிறேன்.

என் மகள் 2007ல் பி.இ. முடித்தாள். அவளுக்கும் கையில் கேம்பஸ் வேலை இருந்தது. வெளிநாடு போக அவளுக்கு ஆசைதான். என்ன படிக்கப் போகிறோம் என்பதில் மட்டும் தெளிவு இல்லை. அந்தத் தெளிவு எனக்கு இருந்தது! என்னோடு வேலை பார்த்த ஒருவரின் பையன் அந்த வருடம் போகிறான். அவன் எடுத்த பாடத்தையே இவளும் எடுத்தால் துணையாக இருக்கும் என்று நினைத்தேன். போதாததற்கு வீட்டுப் பெரியவர்கள், "இந்த வருஷம் விட்டா அப்புறம் ஜாதகத்தை எடுக்கணும். கல்யாணம்னு வந்துட்டா படிப்பு ஏது?" என்றார்கள். டாலர் அப்போது நாற்பது ரூபாய் சொச்சம். நாற்பதுக்கே கணக்குப் போட்டு, வீட்டுப் பத்திரத்தை வைத்துப் பதினெட்டு லட்சம் கடன் வாங்கி அனுப்பினேன். பிறருக்குக் கடன் கொடுக்கும்போது ஆயிரம் கேள்வி கேட்ட மேனேஜர், தன் மகளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. கடைசி செமஸ்டருக்கு நான் பணம் அனுப்பியபோது டாலர் ஐம்பதை நெருங்கியிருந்தது. 2009 மே மாதம் பட்டம் வாங்கினாள். படிப்பு முடித்த மாணவர்கள் வேலை பார்க்க அமெரிக்கா தரும் ஓ.பி.டி. அனுமதியில் ஒரு நிபந்தனை உண்டு. மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக்கூடாது. அவள் போடாத விண்ணப்பம் இல்லை. போன இடமெல்லாம் ஒரே கேள்வி: இதற்கு முன் எங்கே வேலை பார்த்தாய்? வேலையில் இருந்தவர்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், எங்கேயும் வேலை பார்க்காதவளை யார் எடுப்பார்கள்?

செப்டம்பர் கடைசியில் சென்னை விமான நிலையத்தில் இரண்டு பெட்டியோடு வெளியே வந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "ஸாரிப்பா."

தப்பு செய்தவன் நான். மன்னிப்புக் கேட்டது அவள்.

பிறகு சென்னையிலேயே ஒரு கம்பெனியில் ஃப்ரெஷர் சம்பளத்தில் சேர்ந்தாள். 2007ல் அவளோடு படித்து நேராக வேலைக்குப் போனவர்கள் அதற்குள் டீம் லீடராகியிருந்தார்கள். வரன் பார்க்கலாமா என்று கேட்டபோதெல்லாம், "கடன் முடியட்டும்பா" என்ற ஒரே பதில். 2015ல் நான் ஓய்வு பெற்றபோது வந்த கிராஜுவிட்டியில் மீதியைக் கட்டிப் பத்திரத்தை மீட்டேன். அதன் பிறகுதான் கல்யாணம். அவளுக்கு அப்போது 29 வயது. எந்தக் கல்யாணத்துக்காக அவசரப்பட்டோமோ அதையே அந்த அவசரம் தள்ளிப் போட்டது. அவள் நன்றாக இருக்கிறாள், குறையொன்றும் இல்லை. ஆனால் 22 முதல் 29 வரைக்குமான வருடங்களை நான் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

"அது 2008 சார், நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற மந்தம்" என்று சொல்வார்கள். 2001ல் டாட்காம் கம்பெனிகள் சரிந்தன. 2008ல் பார்த்தோம். 2020ல் கொரோனா. 2022, 23ல் பெரிய பெரிய மென்பொருள் கம்பெனிகளே ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறைத்தன. நூறு வருடத்துக்கு ஒரு தடவை வருவது கால் நூற்றாண்டுக்குள் நாலு தடவை வந்துவிட்டது. பையன் படிப்பு முடிக்கும் மாதத்தில் ஊர் எப்படி இருக்கும் என்று எந்த ஜோசியரும் சொல்ல முடியாது. மழை எப்போது வரும் என்று தெரியாதவன் குடை எடுத்துக்கொண்டு போகிறான். இரண்டு வருட வேலை அனுபவம் அந்தக் குடைதான்.

இனி என் தொழில் கணக்குக்கு வருகிறேன். பொதுத்துறை வங்கிகளில் பொதுவான நடைமுறை, ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் சொத்துப் பிணை வேண்டும். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். பெற்றோர் இந்த வரியைப் படித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். தவணைக்குத்தான் விடுமுறை. வட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை கூடக் கிடையாது.

ஒரு உதாரணம். நாற்பது லட்சம் கடன், வட்டி 11 சதவீதம், செமஸ்டருக்குப் பத்து லட்சமாக நாலு தடவை எடுக்கிறீர்கள். இரண்டு வருடப் படிப்பும் ஒரு வருட விடுமுறையும் முடியும்போது, தனிவட்டியாகவே போட்டாலும் சுமார் பத்து லட்சம் ஏறியிருக்கும். ஆக ஐம்பது லட்சம். அதைப் பத்து வருடத்தில் கட்ட மாதத் தவணை ஏறக்குறைய 69 ஆயிரம். அங்கே நல்ல வேலை கிடைத்தவனுக்கு இது பெரிய சுமை இல்லை, உண்மைதான். வேலை கிடைக்காமல் திரும்பி வந்து சென்னையில் மாதம் நாற்பதாயிரத்துக்குச் சேர்பவன் என்ன செய்வான்? முழுச் சம்பளத்தையும் கொடுத்தாலும் 29 ஆயிரம் குறைகிறது. அந்த 29 ஆயிரம் யாருடைய பென்ஷனிலிருந்து போகும்?

முதலில் சரிபார்க்க வேண்டியது இந்த இரண்டாவது ஆளின் கணக்கைத்தான். என்னிடம் வந்த பெற்றோர் யாருமே அதைப் போட்டுப் பார்த்து நான் கண்டதில்லை. நானும் போட்டுப் பார்க்கவில்லை.

அடுத்தது விண்ணப்பம். பி.இ. முடித்த அதே வருடம் போக வேண்டுமானால் ஏழாவது செமஸ்டரிலேயே அப்ளை செய்ய வேண்டும். அப்போது பையன் கையில் ஆறு செமஸ்டர் மார்க்தான் இருக்கும். கடைசி வருடப் புராஜெக்ட் அரைகுறையாக இருக்கும், அல்லது ஆரம்பித்தே இருக்காது. சிபாரிசுக் கடிதம் மூன்று வேண்டும். அறுபது பேர் வகுப்பில் இவன் பெயரே சரியாகத் தெரியாத பேராசிரியரிடம் இவனே எழுதிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்குவான். எஸ்.ஓ.பி. என்று ஒன்று எழுத வேண்டும். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த இடம் என்று தன் வாயால் சொல்வது. அதை கன்சல்டன்சியில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். "சிறு வயது முதலே எனக்குக் கம்ப்யூட்டர் மேல் தீராத ஆர்வம்" என்று ஆரம்பிக்கும் அந்தக் கட்டுரையை எத்தனை பேருக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தார்களோ!

இதே பையன் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு எழுதினால்? எட்டு செமஸ்டர் மார்க், முடித்த புராஜெக்ட், கூட இருந்து வேலை வாங்கிய மேலாளரின் கடிதம் எல்லாம் கையில் இருக்கும். எல்லாவற்றையும் விட, தனக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று தெரிந்திருக்கும். கோடு எழுதுவது சலிப்பு, டேட்டா பக்கம்தான் மனது போகிறது என்று ஒருவனுக்குத் தெரிய வருவது வேலையில்தான். அது தெரியாமல் நாற்பது லட்சத்தைக் கட்டிவிட்டு, அங்கே போய் இரண்டாவது செமஸ்டரில் தெரிந்துகொண்டால் என்ன பயன்?

சரி, மறுப்புகளைப் பார்ப்போம். நண்பர் சொன்னது, சொந்தக்காரர்கள் சொன்னது, கன்சல்டன்சிக்காரர் சொன்னது எல்லாமே இதில் அடக்கம்.

"படிப்பு டச் விட்டுப் போயிடும்." ஜி.ஆர்.இ. மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும். கடைசி வருடத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளட்டும். டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். இரண்டும் இரண்டு வருடம்தான் செல்லும். அதை மட்டும் பிறகு எழுதலாம். நாளெல்லாம் ஆங்கிலத்தில் மெயில் எழுதிப் பழகியவனுக்கு அது பெரிய மலை இல்லை.

"சம்பளத்து ருசி கண்டா படிக்கப் போக மாட்டான்." போகாவிட்டால் என்ன? இரண்டு வருடம் சம்பாதித்ததும் மறந்து போகிற ஆசைக்கு வீட்டை அடகு வைக்கத் தேவையில்லை என்றுதானே அர்த்தம்! வடிகட்டியில் தங்காமல் போனது போகட்டும்.

"ரூல் மாறிடும், இப்பவே போயிடணும்." கன்சல்டன்சியில் அதிகம் விற்கும் சரக்கு இதுதான். பல நாடுகளில் மாணவனைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகமே ஏஜெண்டுக்குக் கமிஷன் தருகிறது. அவருக்கு இந்த வருடமே சேர்த்தாக வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ரூல் மாறும், அதை நான் மறுக்கவில்லை. பிரிட்டன் படிப்புக்குப் பின் வேலை பார்க்கும் விசாவை 2012ல் நிறுத்தியது, 2021ல் வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்தது, இப்போது இரண்டு வருடமாக இருப்பதை 2027 ஜனவரியிலிருந்து 18 மாதமாகக் குறைக்கிறது. கனடா 2024ல் மாணவர் அனுமதிக்கே உச்சவரம்பு வைத்தது. அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கான ஓ.பி.டி. நீட்டிப்பு 2008ல் 17 மாதமாக வந்தது, 2016ல் 24 மாதமானது. கூடவும் செய்கிறது, குறையவும் செய்கிறது. நீங்கள் காத்திருக்கும்போது மாறுவது போலவே, பையன் அங்கே படித்துக்கொண்டிருக்கும்போதும் மாறும். முந்திக்கொண்டு போனவனுக்கு மட்டும் பழைய ரூல் பத்திரமாக இருக்கும் என்று யார் சொன்னது? ஹெச்-1பி விசா ஏற்கெனவே குலுக்கல். சாதாரணப் பிரிவில் 65,000, அமெரிக்காவில் மேல்பட்டம் பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000. குலுக்கலை நம்பி யாராவது பத்திரத்தை வைப்பார்களா?

"டாலர் ஏறிடும், பீஸ் ஏறிடும்." இந்த ஒரு வாதத்தில் நியாயம் இருக்கிறது. 2007ல் நாற்பதாக இருந்த டாலர் 2022ல் எண்பதைத் தாண்டியது. வருடத்துக்குச் சராசரி ஐந்து சதவீதம் என்று வைத்தால், நாற்பது லட்சத்துச் செலவு இரண்டு வருடத்தில் நாலு லட்சம் கூடும். பையன் வேலையில் இருந்து மாதம் பதினைந்தாயிரம் மிச்சம் பிடித்தாலே மூன்றரை லட்சம் வந்துவிடும். பீஸ் உயர்வையும் சேர்த்தால் கொஞ்சம் கைப்பிடித்தம்தான். காத்திருப்பது இலவசம் என்று நான் சொல்லவில்லை. அதன் விலை ஓரிரு லட்சம். அவசரத்தின் விலை என் வீட்டில் ஏழெட்டு வருடம்.

"பொண்ணுக்கு வயசாகிடும்." இதற்கு மேலேயே பதில் சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். பையனுக்கு இரண்டு வருடம் காத்திருக்கத் தயாராக இருக்கிற வீடுகளும் பெண்ணுக்குக் காத்திருப்பதில்லை. பெண் 22ல் அப்ளை செய்வது பெரும்பாலும் அவள் முடிவு அல்ல, பஞ்சாங்கத்தின் முடிவு. சொந்தச் சம்பளத்தில் இரண்டு வருடம் நின்றுவிட்டுப் போகிற பெண்ணிடம் யாரும் அவ்வளவு சுலபமாகக் கல்யாணத் தேதியைக் காட்டி மிரட்ட முடியாது. ஒருவேளை அதனால்தான் பயப்படுகிறோமோ?

உடனே போக வேண்டியவர்களே இல்லையா? இருக்கிறார்கள். ஆராய்ச்சியில் உண்மையான நாட்டம் உள்ள பிள்ளைகள் நேராகப் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் நல்ல பிஎச்.டி. இடம் என்றால் பெரும்பாலும் படிப்புக் கட்டணத்தை அவர்களே ஏற்றுக்கொண்டு மாத உதவித்தொகையும் தருவார்கள். அப்படி வந்தால் ஒரு நாள் கூடத் தாமதிக்க வேண்டாம். சுப்ரமணியன் சந்திரசேகர் 1930ல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்த கையோடு, 19 வயதில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். அரசாங்க ஸ்காலர்ஷிப்பில். பத்திரம் வைத்து அல்ல. எங்கள் ஊரில் வளர்ந்த ராமானுஜன் அதே கேம்பிரிட்ஜுக்கு 1914ல் போனபோது வயது 26. அதற்கு முன் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். என்ன செய்யப் போகிறோம் என்பதில் இருவருக்குமே சந்தேகம் இருக்கவில்லை. போன வயதுதான் வேறு. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணமே கிடையாது, வாழ்க்கைச் செலவுக்குப் பணம் காட்டினால் போதும். அங்கே கணக்கு வேறு. எம்.பி.ஏ. என்றால் நேர் எதிர். வெளிநாட்டு நல்ல கல்லூரிகள் பலவற்றில் வகுப்பில் இருப்பவர்களே சராசரி நாலைந்து வருட அனுபவம் உள்ளவர்கள்.

அதனால் என் விதி சுருக்கமானது. அவர்கள் பணம் கொடுத்துக் கூப்பிட்டால் உடனே போ. உன் அப்பா பணம் கொடுத்து அனுப்புவதானால் இரண்டு வருடம் பொறு. அந்த இரண்டு வருடம் முடிந்து, என்ன படிக்கப் போகிறேன், ஏன் அங்கே, வேலை கிடைக்காவிட்டால் தவணையை யார் கட்டுவது என்ற மூன்று கேள்விக்கும் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தால், அந்த வருடம்தான் அப்ளை செய்யும் வருடம்.

இதை எழுதி முடிக்கும் முன் ஒரு விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை நண்பரின் பையன் தனியாக என் வீட்டுக்கு வந்தான். "அங்கிள், எனக்கு அந்த வேலையில சேரணும்னுதான் இருக்கு. எதுல எம்.எஸ். பண்றதுன்னே எனக்குத் தெரியல. பத்து யுனிவர்சிட்டி லிஸ்ட்ல நாலு வேற வேற கோர்ஸ் இருக்கு. அப்பாகிட்ட நீங்க சொல்லுங்களேன்" என்றான். நான் சொல்ல மாட்டேன், நீயே சொல் என்று அனுப்பிவிட்டேன். என் மகளுக்கு அன்றைக்கு அந்தத் தைரியம் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் கேட்கிற காது எனக்கு இருந்திருக்குமா என்று தெரியவில்லை. நேற்று அவன் சொல்லிவிட்டானாம். வீட்டில் பேச்சு வார்த்தை இல்லையாம்.

சார், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பையன் உங்களை எதிர்க்கவில்லை. உங்கள் வீட்டைக் காப்பாற்றப் பார்க்கிறான். பத்திரத்தை எடுத்துப் பீரோவில் வையுங்கள், இரண்டு வருடத்தில் அது எங்கேயும் ஓடிவிடாது. நாளைக் காலை ஐந்தரைக்கு வழக்கமான திசையிலேயே சுற்ற வாருங்கள். காபி என் செலவு.